ஒப்பீட்டுச் சோறு

உலகத்தில் இன்றைக்கு உயிரோடிருக்கும் மனிதர்களில் காக்கையைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் எவரும் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, ஐயா. உயரம் எவ்வளவு என்று கேட்டால் ஒருவன் சொல்வான் அல்லவா, அந்த மாதிரித்தான் சொல்கிறேன். கோப்பியில் சீனி போதுமா? போதாவிட்டால் டப்பா உங்கள் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பின்னால் காக்கைகள் இப்படிக் கத்துவதைப் பொருட்படுத்த வேண்டாம். அதற்கும் காரணம் இருக்கிறது. வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

காவல் நிலையத்துக்குப் போன் செய்தவன் நான்தான். முனைக்கடைப் போனிலிருந்து பேசினேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுத்தவள் தெய்வானை. அவளைப் பற்றிப் பிறகு வருகிறது. என் குரல்தான் என்று தெரிந்தும் கேட்ட இணைப்பைக் கொடுத்துவிட்டாள். இந்த வட்டாரத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும் ஒரே ஜீவன் அவள்தான்.

உங்களை அழைத்தது ஒரு தவற்றைத் திருத்துவதற்காக. அடுத்த வீட்டுச் சாரதாம்பாள் அத்தை இறந்ததற்குச் சர்க்கரை வியாதி, பட்டினி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தெருவைக் கேட்டால் புருஷன் போன துக்கம் என்பார்கள். மூன்றும் தவறு. அது ஒரு பரிசோதனையின் முடிவு. பரிசோதனை என்னுடையது. பெயர் சேதுராமன்; 'ரா'வுக்கு நெடில் போட மறக்காதீர்கள்.

கஜா பெராங் என்றால் மலாயில் கோபங்கொண்ட யானை. ஊருக்குப் பெயர் வைத்தவனைப் பாராட்ட வேண்டும். இங்கே யானையும் இல்லை, கோபப்படத் தெரிந்தவனும் இல்லை. எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள். பல்லி சொன்னால் தலையாட்டுவார்கள், பூசாரி சொன்னால் தலையாட்டுவார்கள், இப்போது மெர்டேக்கா என்று சுதந்திரமும் வந்துவிட்டதால் மேடையில் ஏறி எவன் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள். நான் சிங்கப்பூரில் விலங்கியல் படிப்பவன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பரிசோதனைக்கூடத்தை விட்டு வந்த மாதிரியே எனக்குத் தோன்றியதில்லை. கூண்டு கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

எனக்கு அம்மா இல்லை. சிறுவயதிலேயே போய்விட்டாள். அப்பா சிங்கப்பூர்ச் சாலையில் லாரி ஓட்டுகிறவர். வீட்டுக்கு வருவதே விருந்தாளி மாதிரிதான். எனக்குச் சோறு போட்டு வளர்த்தது அடுத்த வீட்டு அத்தைதான். உறவு ஒன்றும் கிடையாது, கூப்பிட்டுப் பழகியது. இந்த விவரத்தை நீங்கள் எழுத வேண்டியதில்லை. பரிசோதனைக்குச் சம்பந்தமில்லாதது.

அத்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. மத்தியானம் சோறு வடித்ததும் முதல் உருண்டையைப் பின்கட்டுச் சுவரில் வைத்து, "கா, கா" என்று கூப்பிடுவாள். காக்கை வந்து எடுத்த பிறகுதான் தானும் உட்காருவாள். அமாவாசைக்கு மட்டும் இல்லை, தினமும். காக்கை வராவிட்டால் காத்திருப்பாள். குழம்பு ஆறி, ஆடை படிந்து, மாமா கத்தத் தொடங்கினாலும் காத்திருப்பாள். செத்துப்போன முன்னோர்களெல்லாம் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து இந்தத் தெருவில் சோறு தின்கிறார்களாம்.

இதை வைத்துக் கல்லூரி மலரில் ஒரு கட்டுரை எழுதினேன். 'பித்ருலோகத் தபால் இலாகா' என்று தலைப்பு. காக்கை என்ற தபால்காரனுக்குச் சீருடை உண்டு, சம்பளம் கிடையாது, விலாசம் தெரியாது, கொடுத்த பார்சலை வழியிலேயே பிரித்துத் தின்றுவிடுகிறான் என்றெல்லாம் எழுதியிருந்தேன். மாணவர் விடுதியில் அதைச் சத்தம் போட்டு வாசித்துச் சிரித்தார்கள். ஊருக்கு வந்தபோது அத்தை தன் மகன் ஜெயபாலனை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புரையேறித் தலையில் தட்டவேண்டியதாயிற்று.

"நல்லா எழுதியிருக்கடா சேது. தபால்காரனாம்ல. அய்யோ சாமி, வயிறு நோவுது. இரு, சோறு ஆறிடும். தபால்காரனுக்குக் குடுத்துட்டு வந்துடறேன்."

போய் வைத்துவிட்டுத்தான் வந்தாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மனிதர்களை எழுதித் திருத்த முடியாது என்று.

காக்கைக்கு வருவோம். ஒரு காக்கையால் மனித முகத்தை அடையாளம் காண முடியும் என்பது என் கருதுகோள். கல்லை ஓங்கினால் பறப்பது வேறு. அது எந்தக் கோழியும் செய்யும். நான் சொல்வது, இன்னான் நமக்குக் கெடுதல் செய்தவன், அவன் முகம் இது என்று வைத்துக்கொள்வது. வைத்துக்கொண்டு மற்றக் காக்கைகளுக்கும் சொல்லிக்கொடுப்பது. வகுப்பில் இதை எடுத்துச் சொன்னேன். எங்கள் வெள்ளைக்காரப் பேராசிரியர் புகைக்குழாயை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தார். காக்கைக்கு முகம் எதற்கு, கல் ஓங்குகிற கையைப் பார்த்தால் போதாதா என்றார். அவர் சிரித்ததால் வகுப்பே சிரித்தது. நாட்டுக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டுப் போகப் போகிறவர்கள். போகிற போக்கில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. நானும் காக்கை ஜாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைக்கு வந்ததும் பொறி வைத்து ஒரு காக்கையைப் பிடித்துக் கழுத்தைத் திருகினேன். செத்த காக்கையைக் கையில் வைத்திருப்பவனைக் காக்கைக் கூட்டம் கொலைகாரனாகத்தான் பார்க்கும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கேள்வி, மறுநாள் வெறுங்கையோடு போனாலும் தெரியுமா என்பது. அதற்கு ஒரு முகம் வேண்டும். என் முகத்தைக் கொடுக்க முடியாது. ஆராய்கிறவன் காக்கைக்குப் பக்கத்தில் போய் வர வேண்டியவன். ஆகவே ஜெயபாலனின் முகத்தைக் கேட்டேன்.

ஜெயபாலனை நீங்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் ஏன் அவனைத் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டதைக் கொடுக்கிற முகம்.

"பிணத்தத் தூக்கிக்கிட்டு நடக்கணுமா? சும்மாவா?"

"சும்மாதான். ரம்புத்தான் மரத்தடியில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தா போதும். விஞ்ஞானம்டா."

"நாத்தம் அடிக்குமேடா."

"நாளைக்கு ஒன் பேரும் புத்தகத்துல வரும்."

"என் பேரு வேணாம்லா. ஒன் பேரு வந்தா சரி" என்றான். நடந்தான்.

பிறகு நடந்தது என் வாழ்க்கையின் மிக அழகான விஷயம். அடுத்த நாள் வெறுங்கையோடு அவன் சைக்கிளை எடுத்ததும் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் அவன் தலைமேல் எழும்பின. ஜாலான் துக்காங் எமாஸ் வரைக்கும் துரத்திக்கொண்டு போயின. கோயிலிலிருந்து வெளியே வந்தவர்களும் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்தவர்களும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்களாம். அந்தத் தெருவில் அது ஓர் ஒற்றுமை. சைக்கிள்தான் காரணமோ என்று அவன் சைக்கிளில் நான் ஏறிப் போனேன். ஒன்றும் இல்லை. சட்டையோ என்று அவனுடைய கோடுபோட்ட சட்டையை நான் மாட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றேன். ஒரு காக்கை என்னைப் பார்த்துவிட்டுச் சிறகைக் கோதிக்கொண்டது. என் சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டேன். கத்தல். சீனப் பெருநாளுக்கு விற்கிற காகித முகமூடியை அவன் முகத்தில் கட்டினேன். அமைதி. அவிழ்த்தேன். கத்தல். ஐயா, உங்களுக்குச் சங்கீதத்தில் பழக்கமுண்டா? அந்த மாதிரி இருந்தது.

சம்பவத்தின்போது முட்டைக்குள் இருந்த குஞ்சுகள்கூடப் பெரிசாகிப் பறக்க ஆரம்பித்ததும் அவனைப் பார்த்துக் கத்தின. ஜெயபாலனிடம் மட்டும், கருதுகோள் தோற்றுவிட்டது, காக்கைக்கு முகம் தெரியாது, கூடு கட்டும் காலமென்பதால் கண்டவனையும் துரத்துகிறது என்று சொல்லிவைத்தேன். உண்மை தெரிந்தால் அவன் பயந்து குனிந்து நடப்பான். நடை மாறினால் முடிவு கெட்டுவிடும். அவனும் குடை பிடித்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தான்.

இந்த நேரத்தில் ஜெயபாலனின் அப்பா கலியாணசுந்தரம் மாமா இறந்துபோனார். ரப்பர்க் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அவர் சாவுக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. அதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பந்தம் உள்ளதற்கு நான் மறுப்புச் சொல்லப் போவதில்லை.

கருமாதியன்று பின்கட்டுச் சுவரில் இலை போட்டு, கொள்ளி வைத்த மகன் கையால் சோறு வைக்கச் சொன்னார்கள். ஜெயபாலன் மொட்டைத் தலையோடு வந்து வைத்தான். மொட்டை அடித்தால் அடையாளம் தெரியுமா என்ற கேள்வி எனக்கும் இருந்தது. என் சுவரோரம் நின்று கவனித்தேன். அவன் "கா" என்று வாயைத் திறக்கும் முன்பே காக்கைகள் கண்டுகொண்டன. மரம் முழுக்கக் கறுப்பு. ஒன்றுகூட இறங்கவில்லை. கத்தின கத்தலில் பூசாரிக்கு மந்திரம் மறந்துவிட்டது.

நியாயமாக அங்கே கூடியிருந்த அத்தனை பேரில் ஒருவனாவது, இந்தப் பையனைக் கொஞ்ச நாளாகவே காக்கை துரத்துகிறதே என்று யோசித்திருக்க வேண்டும். துரத்தியதைத் தெருவே பார்த்திருக்கிறது. ஆனால் அதற்குப் பெயர் சனி தோஷம் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். இதற்குப் பெயர் செத்தவருக்குத் திருப்தியில்லை. இரண்டும் வேறு வேறு இலாகா.

அதன்பிறகு கஜா பெராங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடமானது. மாமாவின் நிறைவேறாத ஆசை எது? ஆளுக்கொரு கருதுகோள். முனைக்கடைப் பொன்னையா சொன்னார், சுருட்டு. இலையில் சுருட்டு வைத்தார்கள். காக்கை வரவில்லை. அவர் மனைவி ருக்மணி சொன்னாள், கருவாடு. மாமாவுக்கு ரத்தக்கொதிப்பு என்று அத்தை கருவாட்டை நிறுத்திவைத்திருந்தாளாம். மணக்க மணக்க வறுத்து வைத்தார்கள். ஊர்ப் பூனையெல்லாம் வந்தது. மெர்டேக்காவைப் பார்க்காமல் போய்விட்டாரே என்று ஒரு தேசபக்தர் அழுதார். இலைக்குப் பக்கத்தில் காகிதக் கொடி ஒன்று நட்டார்கள். அது காற்றில் படபடத்து, எனக்கு வேண்டிய அமைதியையும் கெடுத்தது.

அவர்களைப் பாராட்டவும் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினார்கள். எங்கள் கல்லூரியிலேயே பாதிப் பேருக்கு அது வராது. சுருட்டை மாற்றினார்கள், கருவாட்டை மாற்றினார்கள், இலையின் திசையை மாற்றினார்கள். சோறு வைக்கிற கையை மட்டும் மாற்றவில்லை. அது மகன் கைதானே. மகன் கையை எப்படி மாற்றுவது? வேறு கை வைத்தால் செல்லாது. கழுதைக்குக் கண்பட்டை கட்டின மாதிரி, எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் மட்டும் பார்க்க முடியாத ஒரு ஜனம்.

அத்தை அன்று சாப்பிடவில்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காக்கை எடுக்காமல் அவள் என்றைக்குச் சாப்பிட்டாள்? மறுநாளும் ஜெயபாலன் வைத்தான். மறுநாளும் வரவில்லை. அத்தை கொஞ்சம் வெறுங்கோப்பி குடித்தாள். படுக்கையைப் பின்கட்டு ஜன்னலோரம் போடச் சொன்னாள்.

ஒருநாள் ஜெயபாலன் உள்ளே ஓடிப்போய், "எடுத்துடுச்சும்மா, எடுத்துடுச்சு, நீ சாப்புடு" என்றானாம்.

"நான் இங்கருந்து பாத்துக்கிட்டுத்தான்டா இருக்கேன். பொய் சொல்லாத. அப்பா கேட்டுக்கிட்டு இருப்பாரு."

டாக்டர் வந்தார். ஊசி போட்டார். அவளுக்கு ஏற்கெனவே சர்க்கரை. சாப்பிடாமல் கிடந்தால் தாங்காது என்றார். சொந்தக்காரர்கள் கெஞ்சினார்கள், திட்டினார்கள். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், ஒரு கவளம்கூட வாங்கவில்லை. "அவரு பட்டினி கெடக்காருங்கறப்ப நான் எப்படித் திங்கறது? ஒங்களுக்கே நல்லா இருக்கா?" என்று கேட்டாள். சொந்தக்காரர்களும் தலையாட்டினார்கள். எல்லாருமே அந்தக் கூண்டுக்குள் இருப்பவர்கள்தானே.

அப்போதுதான் ஜெயபாலன் என்னிடம் வந்தான். கண் உள்ளே போயிருந்தது.

"டேய் சேது, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நான் அந்தச் செத்த காக்காயத் தூக்கிக்கிட்டு நடந்தேன்ல. அதனாலயாடா?"

பாருங்கள், அவனுக்கே தோன்றியிருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்த இந்த இடத்தில் ஒரு சொல் போதும். நான் அவனை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாக விளக்கினேன்: "அதான் அப்பவே சொன்னேனே. காக்காய்க்கு முகம் தெரியாதுடா. அந்தக் கருதுகோள் தோத்துப்போச்சு."

"தோத்துப்போச்சா?"

"சுத்தமா."

"படிச்சவன் நீ சொன்னா சரிதான்" என்று எழுந்து போனான். போகும்போது பின்பக்கமாகப் போனான். காக்கைகள் கத்தின. அவன் குடையை விரித்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். பரிசோதனை அப்போது இரண்டாம் கட்டத்துக்கு வந்துவிட்டது, ஐயா. காக்கை எத்தனை காலம் நினைவு வைத்திருக்கும் என்பது ஒன்று. இன்னொன்று, மனிதக் கூட்டம். தப்பான கருதுகோளை எத்தனை தடவை அடிபட்டால் அது கைவிடும்? இதற்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் எந்த ஆராய்ச்சியாளனுக்கும் கிடைத்ததில்லை. கவனிக்கிறவன் நடுவில் கையை நுழைக்கக் கூடாது என்பது பாலபாடம். அதோடு, நானே அவன் கையில் அந்தப் பிணத்தைக் கொடுத்தேன் என்று அவன் அம்மாவிடம் போய்ச் சொல்வது... அது வேறு விஷயம். பாலபாடம் என்றே எழுதுங்கள்.

காக்கைகளுக்கு நோய்நொடி ஏதும் இல்லை, பசி இருக்கிறது என்பதை உறுதிப்படுத்த வேண்டுமல்லவா? அதற்காக அதே நேரத்தில், அதே அரிசியில், என் பின்சுவரில் நானும் ஓர் உருண்டை வைத்தேன். இதற்கு ஒப்பீடு என்று பெயர். அவை என் சுவரில் இறங்கிச் சண்டை போட்டுக்கொண்டு தின்றன. ஒரு காக்கை என் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து அலகைத் துடைத்துக்கொண்டது. அத்தை ஜன்னலிலிருந்து அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பார்க்கப் போயிருந்தபோது சொன்னாள்: "ஒன் சோத்த மட்டும் நல்லாத் திங்குதுடா. ஒங்கம்மா மனசு குளுந்து இருக்கா போல. எனக்கு அது போதும். அவ புள்ளைய நான் பட்டினி போடல."

"அம்மாவுக்கு வைக்கல அத்தை. அது ஒப்பீட்டுச் சோறு."

"என்ன சோறா இருந்தா என்னடா" என்றாள். "திங்குதுல்ல."

நான் ஏன் அங்கே போனேன் என்றால், நிலைமையைக் கவனிக்க. தினமும் போனேன்.

இனி தெய்வானை. இங்கே பக்கத்தில் செட்டிகள் குடியிருக்கும் கம்பத்துப் பெண். அவர்கள் எந்தக் காலத்திலோ வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்டவர்கள். சாமிக்குத் தமிழ்ப்பெயர், சண்டைக்கு மலாய். ஜெயபாலனுக்கும் அவளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தமிழ் தெரியாத மருமகளா என்று மாமா முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு சம்மதித்தார். அத்தையும் அவளும் சந்தையில் புழங்குகிற பாசார் மலாயில் பேசிச் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். சுருட்டு தோற்று, கருவாடு தோற்று, கொடியும் தோற்ற பிறகு தெருவின் மூளை எங்கே போய் நிற்கும்? 'கிராணிக்கு அந்தச் சம்பந்தம் பிடிக்கலை. மனசுக்குள்ளேயே வச்சுக்கிட்டுப் போய்ட்டாரு.' ருக்மணிதான் தொடங்கினாள். மாலைக்குள் அது எல்லார் வாயிலும் இருந்தது. ஜெயபாலனும் அத்தையும் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "அவரு வாயால சரின்னாரு. செத்தவரு வாயில வார்த்தையப் போடாதீங்க" என்று அத்தை படுத்தபடியே கத்தினாளாம். கத்தினது அதுதான் கடைசி.

தெய்வானை வேலை முடிந்து சீருடையோடு என் வீட்டு வாசல் அஞ்சடியில் வந்து நின்றாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான். மலாயில் கேட்டாள், தமிழில் சொல்கிறேன்: "நீ படித்தவன். நான் விலகிக்கொண்டால் காக்கை சாப்பிடுமா?"

நான் யோசித்தேன். பொய் சொல்லவில்லை, ஐயா. இதைக் கவனியுங்கள், அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. "சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்" என்றேன்.

தலையை ஆட்டினாள். அடுத்த நாள் நிச்சயத்துக்குப் போட்ட வளையலையும் சேலையையும் ஒரு தட்டில் வைத்து எடுத்துவந்து, அத்தையின் காலடியில் வைத்து, "மாக், மாக்கான்" என்றாளாம். அம்மா, சாப்பிடு. அவ்வளவுதான். ஜெயபாலன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன். அன்று மத்தியானம் சோறு வைத்தபோது தெருவே பின்கட்டில் கூடிநின்றது. என் வாழ்நாளில் அத்தனை பேர் ஒரு பரிசோதனையை அத்தனை அமைதியாகக் கவனித்து நான் பார்த்ததில்லை.

காக்கைகள் கத்தின. இறங்கவில்லை.

தெருவின் கருதுகோள் பொய்த்துப்போனது. ஒழுங்காகப் பொய்த்துப்போனது, எங்கள் பேராசிரியர்கூடக் குறைசொல்ல முடியாது. ருக்மணி, "அப்பவே தோணிச்சு, இது இல்லன்னு" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். எல்லாரும் போனார்கள். அவர்களிடம் மிச்சமாக எந்தக் கருதுகோளும் இல்லை. கருதுகோள் தீர்ந்துபோன மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேனோ அதையே செய்தார்கள். சாவுக்கு வேண்டிய சாமான்களைப் பற்றி மெதுவான குரலில் பேச ஆரம்பித்தார்கள்.

இங்கே என் பக்கத்தில் ஒரு பிசகு நடந்தது. மறைக்காமல் சொல்கிறேன். மறுநாள் அத்தையைப் பார்க்கப் போனேன். கை ஆறிப்போன கோப்பி மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து, கூரையிலிருந்த பழைய பொறியை எடுத்து வைத்தேன். என் சுவரில் பயமில்லாமல் வந்து தின்றுகொண்டிருந்த காக்கைகளில் ஒன்று மாட்டியது. அலகைத் துடைத்துக்கொள்ளும் என்றேனே, அதேதான். அதன் காலில் சணல் கட்டி, அடுத்த வீட்டுப் பின்சுவரில், ஜெயபாலன் வைத்த இலைக்குப் பக்கத்தில் ஆணியில் கட்டினேன். பசித்த காக்கை, எப்படியும் கொத்தும். கொத்தினால் ஜன்னலிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் காக்கை கொத்தியதாகத்தான் தெரியும். கால் தெரியாது. இது பரிசோதனையின் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று கேட்காதீர்கள். நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அது கொத்தவில்லை. அலறியது. சிறகை அடித்துக்கொண்டு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அலறியது. இலை கிழிந்து சோறு சிதறியது. மரத்திலிருந்து, தெருக்கம்பத்திலிருந்து, எங்கெங்கிருந்தோ காக்கைகள் வந்து மேலே சுற்றின. நான் அதன் அலகைப் பிடித்துச் சோற்றை உள்ளே திணித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலிலிருந்து குரல் வந்தது. குரல் என்று சொல்ல முடியாது, காற்று.

"காலக் கட்டிட்டா விருந்து வைப்பாங்க? அவுத்து வுடுடா சேது. அதுக்கு வலிக்கும்."

அவிழ்த்துவிட்டேன்.

அந்த நேரத்தில் ஜன்னலுக்குக் கிட்டப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அத்தை, காக்கைக்கு உன் மகன் முகம் பிடிக்கவில்லை, மாமாவுக்குக் கோபமில்லை, நான் செய்த வேலை இது. மூன்று சிறிய வாக்கியம். சொன்னால் அவளுக்குப் புரிந்திருக்காது. படிக்காதவள். தபால்காரன் கட்டுரை புரிந்ததே, சிரித்தாளே என்று கேட்பீர்கள். அது வேறு. நீங்கள் எழுதுவதை எழுதுங்கள், ஐயா.

விடிவதற்குள் போய்விட்டாள். ஜெயபாலன் அவளுக்கும் கொள்ளி வைத்தான், அவளுக்கும் சோறு வைத்தான், அவளுக்கும் காக்கை வரவில்லை. இலையைச் சுருட்டிச் சாக்கடையில் எறிந்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான். எங்கே என்று யாருக்கும் தெரியாது. அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. தெய்வானை மறுபடி வேலைக்குப் போகிறாள்.

ஆகக் குற்றவாளி நான்தான். இதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை என்று நீங்கள் தயங்குவது தெரிகிறது. ஒரு காக்கையைக் கொன்றேன், ஒருவனிடம் ஒரு பொய் சொன்னேன், ஒருத்தியிடம் ஓர் உண்மை சொன்னேன். சாரதாம்பாளைக் கொன்றேன் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். துக்கம் என்று மட்டும் எழுத வேண்டாம். என் கருதுகோள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகியிருக்கிறது என்ற வரியும் இருந்தால் நல்லது. வேண்டுமானால் எழுந்து அந்தப் பின்கதவுப் பக்கம் போய்ப் பாருங்கள். காலையிலிருந்து கத்துகின்றனவே, அவை என்னைப் பார்த்துத்தான் கத்துகின்றன. அவிழ்த்துவிட்ட அன்றைக்கே என் முகம் எல்லாவற்றுக்கும் மனப்பாடம்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நீங்கள் சாப்பிடுங்கள் ஐயா, சோறு நிறையவே வடித்திருக்கிறேன், மீன்குழம்பும் இருக்கிறது. எனக்கு இப்போது வேண்டாம். நேற்றும் அவை இறங்கவில்லை. முந்தாநாளும்தான். முதல் உருண்டையை எடுத்துத் தனியே வைத்திருக்கிறேன், பின்சுவரில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். ஒப்பீட்டுக்குத்தான்.

இல்லை, நீங்கள் வர வேண்டாம். உங்கள் முகம் அவற்றுக்குப் புதிது. நீங்கள் வைத்தால் உடனே இறங்கி எடுத்துவிடும்; அது எனக்குத் தெரியும், என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அது செல்லாது. அவள் சோறு போட்டு வளர்த்த கைகளில் இனி இந்த ஊரில் மிச்சம் இந்த ஒரு கைதான். இதுதான் வைக்க வேண்டும்.

உட்காருங்கள். கொஞ்சம் கூப்பிடுவேன், சத்தம் கேட்டால் கண்டுகொள்ள வேண்டாம். அது எடுக்கட்டும், நான் வந்து சாப்பிட்டுக்கொள்கிறேன்.